ஓ நெகட்டிவ் அண்ணை

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, படகுகள் கரையேறும் நேரம் பார்த்து மணலில் நடந்து வரும் மிஸ்ஸிதான் முதலில் நினைவுக்கு வருகிறார். இலங்கைத்துறைப் பக்கத்தில் எங்களுக்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த தாதி அவர். மற்றவர்கள் மீன் வாங்க வருவார்கள். மிஸ்ஸி இரத்த வகை கேட்க வருவார். ஆஸ்பத்திரியில் பிரசவ அறை இருந்தது, கட்டில் இருந்தது, ஊசி மருந்தும் இருந்தது. இரத்தம் மட்டும் இல்லை. அதற்குத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அங்கேயும் சில வகைகள் சில நாட்களில் கிடைக்காது. ஆகவே ஊர் ஆண்களின் விரலில் குத்திப் பார்த்து, யாருக்கு என்ன வகை என்று மனப்பாடமாக வைத்திருந்தார். எங்கள் பெயர்கள் அவருக்குத் தேவைப்படவேயில்லை. என்னை 'ஓ நெகட்டிவ் அண்ணை' என்றே கூப்பிடுவார். தேநீர்க்கடையில் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள், பிறகு 'நெகட்டிவ்' என்று சுருக்கி எனக்குப் பட்டமாகவே சூட்டிவிட்டார்கள்.

அந்த வகை ஊர் ஆண்களில் எனக்கு மட்டும்தான் இருந்தது. பெண்களில் ஒருவருக்கு இருந்தது. அவர் என் பக்கத்து வளவுக்காரரின் மனைவி. அந்த மனிதரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. என் படகு அவருடைய வலையை அறுத்துவிட்டது என்பது அவர் கதை; என் வழியில் வலையை விரித்தார் என்பது என் கதை. இரண்டு கதையும் தீராமல் கிடந்தபோது அவர் மனைவி இரண்டாம் முறை கர்ப்பமானார். முதல் பிள்ளைப்பேற்றிலேயே இரத்தம் நிறையப் போயிருந்ததால், முன்கூட்டியே பெரியாஸ்பத்திரியில் சேர்ப்பதென்று நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை பிறக்கவிருந்த மாதம் தொடங்கியதும் மிஸ்ஸி என் வீட்டுப் படலைக்கு வந்து, கடலுக்குப் போகக்கூடாது என்றார். கடல் குளம்போலக் கிடந்த காலம்; போனவனுக்கெல்லாம் சூரை மீன் பட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காக நான் ஏன் கரையில் குந்தியிருக்க வேண்டும் என்று சத்தம் போட்டேன். மிஸ்ஸி அசையவில்லை.

"சண்டை உங்களுக்கும் அவருக்கும். ரத்தம் அவவுக்கு. நீங்கள் கடலுக்க நிண்டா உங்கட ரத்தமும் கடலுக்கதான் நிக்கும்."

எனக்குப் பெரிய மனது என்று யாரும் நினைக்க வேண்டாம். மிஸ்ஸியின் வாய்க்குப் பயந்துதான் நின்றேன். என் மனைவியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். மற்றவர்கள் சூரை கொண்டுவந்து இறக்குவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

வைத்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது, பெண் பிள்ளை. அதன் பிறகு தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. அம்புலன்ஸ் என் படலையில் நின்று ஹோர்ன் அடித்தது. உடுத்த சாரத்தோடு ஏறினேன். முன் இருக்கையில் கணவர் இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மிஸ்ஸி அந்தப் பெண்ணின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி வந்தார். வழி முழுக்கக் கையை எடுக்கவேயில்லை. அந்த முகம் வெளிறிப்போவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தப் பாதை இவ்வளவு நீளமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் இரத்தத்தை எடுத்துச் சோதித்து ஏற்றினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது கணவர் வந்து, ஒரு சோடாப் போத்தலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். குடிக்கச் சொல்லவும் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மிஸ்ஸி மாற்றலாகிப் போய்க் கனகாலம். இப்போது ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம், ஜெனரேற்றர், நல்ல பிள்ளைகளான தாதிமார் எல்லாம் உண்டு. படகடிக்கு வந்து விரலில் குத்த மட்டும் யாரும் இல்லை. சில நாட்களில் அவரை நினைத்து எனக்குக் கண் கலங்கும்.

போன கிழமை பக்கத்து வளவுக்காரர் என் படலையில் வந்து நின்றார். அன்று பிறந்த பிள்ளை தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கும் தாயின் இரத்த வகைதான். இரத்தம் கொடுக்கும் வயதை நான் கடந்துவிட்டேன். என் மகனுக்கு என் வகை.

"பிள்ளைக்கு இந்த மாசம்," என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "தம்பி கடலுக்குப் போகாம நிண்டா..."



"பிள்ளை வந்த அண்டைக்கே எஞ்சினைக் கழட்டி வீட்டுக்க வைச்சிட்டான்," என்றேன். "உள்ள வந்து பாருங்கோ."