இரண்டு தலைவர்களுக்கும் பவுடர் போட்டவர்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் பவுடர் அண்ணன். செய்தி வாசிப்பவர்களும், விவாதத்துக்கு வந்து தொண்டை கிழியக் கத்துபவர்களும் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துதான் கேமராவின் முன்னால் போவார்கள். "அண்ணே, ஒரு பத்து வயசு குறைச்சு விடுங்க" என்று கேட்டால், "பத்து குறைச்சா உங்க வீட்ல அடையாளம் தெரியாம கதவைச் சாத்திடுவாங்க, அஞ்சு போதும்" என்பார். ஆனால் மகனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு அந்த வாய் அடங்கிவிட்டது.

ஒரே மகன். அவன் படிப்பை முடித்த வருடம் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்தார். தீவிரவாதத்தை ஒழிக்க வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று மேடைக்கு மேடை கண் கலங்கினார். அவருடைய சொந்தப் பிள்ளைக்கு மட்டும் முதுகுவலி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்த முதுகை வைத்துக்கொண்டு அவன் வெளிநாட்டில் படகுப் போட்டியில் பரிசு வாங்கிய படம் பத்திரிகையில் வந்தது.

அண்ணனின் மகனை வெடிகுண்டு அகற்றும் பிரிவில் போட்டார்கள். திரும்பி வந்தபோது கையில் லேசான நடுக்கம் இருந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். ஏசி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மெல்ல மெல்லச் சிரிக்கவும் ஆரம்பித்திருந்தான்.

அதற்குள் ஆட்சி மாறியது. புதியவர் கட்டாயச் சேவையை ஒழிப்பேன் என்று ஓட்டு கேட்டார், சொன்னபடி ஒழித்தார். அதன் இடத்தில் ஒரு சிறப்புச் சட்டத்தை வைத்தார். சந்தேகம் என்ற ஒரு சொல் போதும், வழக்கே இல்லாமல் உள்ளே வைத்துக்கொள்ளலாம். பேருந்து நிலையத்தில் மறுபடி குண்டு வெடித்தபோது, வெடிமருந்தைப் பற்றித் தெரிந்தவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அவனைக் கடை வாசலில் வைத்தே வண்டியில் ஏற்றினார்கள். "ஒரு சின்ன விசாரணைதான், சாயந்தரம் வந்துடுவான்" என்றார் வந்த அதிகாரி. அந்தச் சாயந்தரம் வரவே இல்லை.

"அவரு காலத்துல குண்டை எடுக்கக் கத்துக் குடுத்தாங்க. இவரு காலத்துல ஏன்டா கத்துக்கிட்டேன்னு கேக்கறாங்க. நம்ம பிள்ளை என்னங்க பாவம் பண்ணான்?" என்று மனைவி சுவரைப் பார்த்துக் கேட்பாள். அவர் ஒரு வக்கீலைப் பிடித்துப் பார்த்தார். அவரும் கையை விரித்துவிட்டார்.

தேர்தல் வந்தது. இரண்டு தலைவர்களும் நேருக்கு நேர் விவாதிப்பது என்று முடிவானது. அதுவும் அந்த நிலையத்திலேயே. தீவிரவாதத்தை யார் நன்றாக அடக்கினார்கள், யாருடைய சட்டம் சிறந்தது என்பதுதான் தலைப்பு. மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க கைக்குக் கீழதானே ரெண்டு பேரும் உக்காரப் போறாங்க. வெக்கத்தைப் பார்க்காதீங்க. யார் காலையாவது பிடிச்சுக் கேட்டுடுங்க."

முதலில் ஆட்சியில் இருப்பவர் வந்தார். சுற்றிலும் ஆட்கள். போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணனுக்குக் கேட்க இடமே கிடைக்கவில்லை. வழுக்கையின் பளபளப்பைத் துடைத்து அனுப்பிவிட்டார்.

பழைய தலைவர் தனியாக வந்தார். கண்ணாடியில் அவரைப் பார்த்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். யாரும் அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அண்ணன் உடைந்துபோனார். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். தலைவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பிரிவுல இருந்தான் பையன்?"

"குண்டு எடுக்கற பிரிவுங்கய்யா."

"கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

அண்ணன் மனைவிக்குப் போன் போட்டு, "பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாரு" என்றார். அந்தப் பக்கம் அவள் அழுதாள்.

விவாதம் நடந்துகொண்டிருந்தபோது பழைய தலைவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "இதே நிலையத்துல நமக்கெல்லாம் பவுடர் போடற ஒரு தகப்பன் இருக்காரு. நாட்டுக்காக உயிரைப் பணயம் வெச்சுக் குண்டெடுத்த அவரோட மகனை இவங்க சட்டம் சிறையில அழுக வெச்சிருக்கு!" அரங்கத்தில் கைதட்டல் பறந்தது.

எதிரில் இருந்தவர் அசரவில்லை. "நல்ல வேளை, நீங்களே சொல்லிட்டீங்க. குண்டைப் பிரிக்கத் தெரிஞ்சவனுக்குக் கட்டத் தெரியாதா? ஊர்ல இருக்கற பசங்களுக்கெல்லாம் வெடிமருந்தைப் பழக்கிவிட்டது உங்க சட்டம்தானே? அந்த வினையைத்தான் நாங்க கூட்டிப் பெருக்கிட்டு இருக்கோம்." அதற்கும் கைதட்டினார்கள்.

விளக்குக் கம்பத்தின் ஓரத்தில் நின்று அண்ணன் இரண்டு கைதட்டலையும் கேட்டார். விளம்பர இடைவேளை வந்ததும், "அண்ணே, வேர்வை!" என்று தள்ளிவிட்டார்கள். மேடையில் இருவரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "நல்லாத்தான் பிடிச்சீங்க போங்க" என்றார் ஒருவர். "நீங்க மட்டும் விட்டீங்களாக்கும்" என்று மற்றவர் சிரித்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முதலில் ஒரு நெற்றியை ஒற்றினார், பிறகு இன்னொன்றை.

மறுநாளே மகனுடைய படம் எல்லாச் செய்திகளிலும் வந்தது. ஒரு கூட்டம் அவனை வீரன் என்றது, இன்னொரு கூட்டம் துரோகி என்றது. அக்கம்பக்கத்தில் பேச்சு நின்றது. பெயர் வெளியே வந்துவிட்டதால் பாதுகாப்பில்லை என்று சொல்லி அவனைத் தொலைதூரச் சிறைக்கு மாற்றினார்கள். "அண்ணே, மேலிடத்துல ஒரு மாதிரி பேசறாங்க. கொஞ்ச நாள் வீட்ல இருங்களேன்" என்றார் மேலாளர். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

தேர்தலில் பழைய தலைவர் ஜெயித்தார். வாக்குக் கொடுத்தவர் அல்லவா என்று புருஷனும் பெண்டாட்டியும் விடிகாலையிலேயே அவருடைய அலுவலக வாசலில் போய் நின்றார்கள். பொழுது சாயும் நேரத்தில் உதவியாளர் ஒருவர் வெளியே வந்தார்.

"எந்தப் பையன்?"

"டிவியில ஐயா சொன்னாரே..."

"ஐயா எவ்வளவோ சொல்வாரு. மனு குடுத்துட்டுப் போங்க."

சிறப்புச் சட்டம் போகவில்லை. கையில் கிடைத்த ஆயுதத்தை யார் கீழே போடுவார்கள்? அதோடு கட்டாயச் சேவையும் திரும்பி வந்தது. இப்போது நாட்டில் இரண்டும் உண்டு.

அண்ணன் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்கிறார். ராணுவச் சேவை அட்டைக்குப் படம் எடுக்க வரும் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். எண்ணெய் வடியும் நெற்றியைத் துடைத்து, காலரை நேராக்கி உட்கார வைக்கிறார். "அங்கிள், கொஞ்சம் கெத்தா தெரியற மாதிரி பண்ணுங்க" என்கிறார்கள். அவர் பண்ணிவிடுகிறார்.

போன மாதம் மகனைப் பார்க்கப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளைத்து உட்கார்ந்திருந்தான். "பெரிய கோர்ட்டுக்குப் போகலாம்னு வக்கீல் சொல்றாருடா" என்றாள் அம்மா. அது பொய். வக்கீல் பேசியே மாதக்கணக்காகிவிட்டது. பொய் என்று அவனுக்கும் தெரிந்தது. "சரிம்மா" என்றான். பிறகு அப்பாவைப் பார்த்து, "இனிமே யார்கிட்டயும் எதுவும் கேக்காதீங்கப்பா" என்றான். அவர் தலையாட்டினார்.

திரும்பும் பேருந்தில் மனைவி அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.