நாற்பதாம் நம்பர் ஆயிலும் ஒரு பட்டுச்சேலையும்

என் மோட்டார் சைக்கிள் என்னைவிட வயதில் மூத்தது. இங்கிலாந்தில் பிறந்து, யார் யார் கையிலோ மாறி, கடைசியில் தஞ்சாவூரில் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது. அருமையான வண்டி. ஒரே குறை, நிற்கிற இடத்திலெல்லாம் ஆயில் ஒழுக்கும். வாசலில் என் மனைவி போடும் கோலத்தின் நடுவே தினமும் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்திருக்கும். அதற்குத் திட்டு வாங்குவது நான். அவளைப் பொறுத்தவரை வண்டியும் நானும் ஒரே ஆள்தான்.

போன தை மாதம் அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். திருக்காட்டுப்பள்ளியில் அவள் அக்கா மகளுக்கு வளைகாப்பு.

"பைக்லயே போவோம். உங்க ஆசையைக் கெடுப்பானேன். ஆனா என் பட்டுல ஒரு சொட்டு ஆயில் பட்டுச்சு, மறுநாளே வண்டி கூத்தாநல்லூர் போயிடும். சொல்லிட்டேன்."

கூத்தாநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், வண்டியைப் பார்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன் செய்தால் முதலில் வண்டி சௌக்கியமா என்பார், அப்புறம்தான் நான். தங்கமான மனிதர். வண்டியை என்னைவிட நன்றாக வைத்துக்கொள்வார். என் பயமே அதுதான்.

ஒழுகலுக்குக் காரணம் எனக்குத் தெரியும். முந்தின வருடம் பைக் கடையில் ஒரு இளைஞர் சொன்னதைக் கேட்டு, இந்தக் காலத்து வண்டிகளுக்கான மெல்லிய ஆயிலை வாங்கி ஊற்றியிருந்தேன்.

"லேட்டஸ்ட் சார். தண்ணி மாதிரி ஓடும்" என்றார் அவர்.

உண்மையாகவே தண்ணீர் மாதிரி ஓடியது. இஞ்சினுக்குள் ஓட வேண்டியது வாசலில் ஓடியது. பழைய இஞ்சினில் பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே இடைவெளி தாராளம். மெல்லிய ஆயில் அந்தச் சந்திலெல்லாம் புகுந்து வெளியே வந்துவிடும். கெட்டியான ஆயில் இருந்த இடத்தில் இருக்கும். இது விஷயத்தில் நான் யாரிடமும் தோற்கத் தயாராக இல்லை. கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவனுக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். வணிகவியலைவிட நன்றாகத் தெரியும்.

வண்டியோடு வந்த கையேட்டில் கோடைக்கு ஒரு ஆயில், குளிர்காலத்துக்கு ஒரு ஆயில் என்று போட்டிருந்தார்கள். எழுதியவர் தஞ்சாவூரைப் பார்த்ததில்லை. நாம் மப்ளர் சுற்றிக்கொண்டு நடுங்கும் மார்கழியே அவருக்கு நல்ல கோடை. அதனால் குளிர்காலப் பக்கத்தை அப்படியே தள்ளிவிட்டு, கோடைக்குச் சொன்ன நாற்பதாம் நம்பர் ஆயிலைத் தேடினேன். சூட்டுக்கும் குளிருக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும் நவீன ரகம் இல்லை, ஒரே கெட்டியில் வரும் பழைய ரகம். பைக் கடைகளில் இல்லை. விசாரித்துப் பார்த்தால், நம் வயல்களில் தண்ணீர் இறைக்கிற டீசல் இஞ்சினுக்குக் காலம் காலமாக ஊற்றுவது அதைத்தான்.

பம்புசெட் கடைக்காரர் கேனை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனை ஏக்கர் சார்?"

"ஏக்கரெல்லாம் இல்லீங்க. பைக்குக்கு."

"பைக்க வச்சா தண்ணி இறைக்கிறீங்க?"

"இல்லீங்க. அதுல ஏறித்தான் காலேஜ் போறேன்."

"சரி சரி" என்று அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

புது ஆயில் பழைய அழுக்கைக் கிளறிவிடக் கூடாது என்று ஆயில் டேங்கைக் கழற்றிக் கழுவினேன். அடியில் கறுப்பு அல்வா மாதிரி படிந்திருந்தது. வழித்து எடுத்தேன், வாஷர்களை மாற்றினேன், நாற்பதை ஊற்றினேன். மறுநாளிலிருந்து வண்டிக்குக் கீழே நியூஸ்பேப்பர் விரித்து, காலையில் அதை எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினேன். சுத்தம். தினமும் சுத்தம்.

"நியூஸ் ஏதாவது உண்டா அதுல?" என்றாள். அவ்வளவுதான் பாராட்டு.

பெருமை தாங்காமல் மச்சினனுக்குப் போன் போட்டேன். அவள் தம்பி. திருக்காட்டுப்பள்ளியில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான்.

"மாப்ளே, இனிமே ஒங்க பம்புசெட்டுக்கும் என் வண்டிக்கும் ஒரே ஆயில்தான்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லுங்க அத்தான்."

"ஒண்ணேதான்!" என்றேன். வாய் இருக்கிறதே.

வளைகாப்புக்கு முந்தின நாள் வளையலும் பூவும் வாங்க அவன் லோடு ஆட்டோவோடு தஞ்சாவூர் வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினான். காலையில் நான் பட்டுக்கரை வேட்டி கட்டி வெளியே வந்தபோது வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தான். மனைவி அரக்கு நிறப் பட்டில், தலை நிறையப் பூவோடு, கேட்டருகே நின்றாள். நான் உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

அந்தப் பார்வை முடிவதற்குள் பின்னாலிருந்து கொசு மருந்து அடிக்கிற மாதிரி புகை. ஆயில் டேங்க் மூடியிலிருந்து குபுகுபுவென்று பொங்கி என் வலது கால் பக்கம் வேட்டி முழுக்க ஊறியது. இஞ்சினை அணைத்தேன். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது.

மனைவி கத்தவில்லை. அமைதியாகக் கேட்டாள்: "பாய் நம்பர் ஒங்க போன்ல இருக்கா, என் போன்ல இருக்கா?"

ஆயில் சரி, வாஷர் சரி, தினமும் பேப்பர் சுத்தம். இது எப்படி? அப்போதுதான் மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"தொடைக்கும்போது மூடியத் தொறந்து பாத்தேன் அத்தான். ஆயில் அடில கெடந்துச்சு. ஆட்டோல கேன் இருந்துச்சு. வாய் வரைக்கும் ஊத்திட்டேன். நம்ம இஞ்சினுக்கும் இதானே, காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாத்து ஊத்துறதுதானே?"

புரிந்துவிட்டது. பம்புசெட் இஞ்சினில் ஆயில் அதன் வயிற்றிலேயே கிடக்கும். காலையில் கம்பியை உருவி அளவு பார்த்து, குறைந்தால் ஊற்றுவார்கள். எங்கள் ஜில்லாவில் பல் துலக்குவது போல அது ஒரு பழக்கம். என் வண்டியில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். சில நாள் ஓட்டாமல் நிறுத்தினால் மெதுவாகக் கசிந்து இஞ்சினுக்குள் இறங்கிவிடும். டேங்க் காலி மாதிரி தெரியும். ஸ்டார்ட் செய்தால் பம்பு அதைத் திரும்ப மேலே ஏற்றும். ஓட்டிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். அழுக்காகிவிடும் என்று நான்தான் வண்டியைச் சில நாளாகத் தொடவே இல்லை.

"ஏண்டா, கேட்டுட்டு ஊத்தக் கூடாதா?" என்றாள் மனைவி தம்பியைப் பார்த்து. அடுத்த நொடியே என் பக்கம் திரும்பினாள். "அவன என்ன சொல்றது? ரெண்டும் ஒண்ணுன்னு தம்பட்டம் அடிச்சது நீங்கதானே?"

"நாந்தான். ஆயில் ஒண்ணுதான், இஞ்சின் வேற. அதச் சொல்ல மறந்துட்டேன்."

"சரி, இப்ப ஆயில் மேல தப்பு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல. கூடுதலா இருக்கு, அவ்வளவுதான். கால் மணி நேரம் குடு."

"கால் மணி நேரம். அதுக்கு மேல ஆச்சுன்னா நான் பூக்கூடையோட இவன் ஆட்டோல ஏறிடுவேன்."

மச்சினன் வாளி பிடிக்க, இஞ்சின் அடித் திருகைக் கழற்றி உள்ளே இறங்கியிருந்ததை வடித்தேன். டேங்கில் டியூபை விட்டு அளவுக் கோடு வரைக்கும் இறக்கினேன். துணியால் துடைத்து, மண்ணெண்ணெயால் துடைத்து, மறுபடி துடைத்தேன். பேண்ட் மாற்றிக்கொண்டு வந்து உதைத்தேன். கொஞ்சம் புகைத்தது, அப்புறம் தெளிந்தது. மூடியைத் திறந்து அவளைக் கூப்பிட்டே காட்டினேன். ஆயில் கோட்டில் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என் தோளில் கை வைக்கவில்லை. சீட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

கண்டியூர் தாண்டி, ஆற்றோரச் சாலையில் வண்டி தடதடவென்று ஒரே சுருதியில் போனது. இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு. வழியில் ஒரு வேகத்தடையில் அவள் கை தானாகத் தோளுக்கு வந்தது. அப்புறம் அது அங்கேயே இருந்தது.

மண்டப வாசலில் இறங்கியதும் அவள் தன் அக்காவைக் கூப்பிட்டு முதுகைக் காட்டி நின்றாள். "எங்கயாவது கறை இருக்கா பாரு." அக்கா முந்தானையை விரித்தாள், கொசுவத்தை உதறினாள், கீழ்க்கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மூச்சுவிடாமல் நின்றது நான்.

"ஒண்ணுமில்லையேடி. எதுல வந்தீங்க, கார்லயா?"

"பைக்ல."

"இந்தப் பைக்லயா? இதுதான் ஒழுகுமே?"

"அதெல்லாம் கண்ட ஆயிலை ஊத்தினா ஒழுகும்" என்றாள் என் மனைவி. "நாப்பது போடணும். நான்தான் இவர்கிட்ட சொல்லிச் சொல்லிப் போட வச்சேன்."

நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.