துலூஸும் முதலியார்பேட்டையும் ஒரே நொடியில்

போன ஞாயிற்றுக்கிழமை, முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளையாக ஒரு காளான் முளைத்தது. காளான் இல்லை, ஆன்டெனா. புது டிவி கனெக்‌ஷனா என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். பாட்டுப் பாடுவதற்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். என் மாமனாருக்குக் காது மங்கிக்கொண்டே வருகிறது. சீக்கிரமே சுத்தமாகக் கேட்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. இப்போது ஒன்றே ஒன்று கேட்டார் — மகள்கள் இருவரும் சர்ச்சில் சேர்ந்து பாடிய மாதா பாட்டை இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

மூத்தவள் செலின், என் மனைவி. இளையவள் மார்த்தா பிரான்ஸில், துலூஸில் இருக்கிறாள். நிறைமாதம். விமானம் ஏறக் கூடாது.

வீடியோ காலில் முயன்றோம். இங்கே ஒரு வரி முடிந்த பிறகு அங்கிருந்து அதே வரி வந்து சேர்ந்தது... ஒரு குரல் இன்னொன்றைத் துரத்த, பாதியில் இருவரும் நிறுத்திவிட்டார்கள். மாமனார் எழுந்து உள்ளே போனார்.

தனித்தனியாகப் பாடி, பிறகு சேர்த்துவிடலாமே என்றேன். செலினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒட்டு போட்ட பாட்டு வேணாங்க. நான் பாடுற அதே நேரத்துல அவளும் பாடணும். பப்பாகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது."

அதே நேரம்! சொல்வது சுலபம். எந்த நேரம்? யாருடைய நேரம்?

செலினின் தோழி விநோதினி கம்ப்யூட்டர் இன்ஜினீயர். அவள்தான் வழி சொன்னாள். சாதாரண கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரம் நம்மைப் போலத்தானாம் — கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதைச் சரியாக வைத்திருக்க ஒரு போர்டு உண்டு. கம்ப்யூட்டருக்குள் செருகிவிட்டால், ஆன்டெனா வழியாகச் செயற்கைக்கோள்களைக் கேட்டு நேரத்தைப் பிசகாமல் காக்கும். தன் ஆபீஸில் அனுமதி வாங்கி ஒன்றைக் கொண்டுவந்தாள். மார்த்தாவின் கணவர் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அவரும் கேட்டு வீட்டுக்கு எடுத்துவந்தார்.

ஏற்பாடு எளிமையானது. இரண்டு வீட்டு ஹெட்போனிலும் ஒரே நொடியில் தாளம் தொடங்கும். அக்கா குரல் தங்கைக்குக் கேட்காது, தங்கை குரல் அக்காவுக்குக் கேட்காது. தாளத்தை மட்டும் நம்பிப் பாட வேண்டும். பாடுவது இரண்டு வீட்டிலும் அந்தக் கடிகாரக் கணக்கிலேயே பதிவாகும்.

எங்களுக்கு மதியம், அவர்களுக்கு அப்போதுதான் காலை. செலின் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இடையிடையே, பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் தலையை லேசாகச் சாய்த்தாள். ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கியது. கண்ணுக்கெட்டாத உயரத்தில் என்னென்னவோ சுற்றிக்கொண்டு, இரண்டு வீடுகளுக்கும் ஒரே நொடியைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன... நான் இருப்பது முதலியார்பேட்டையிலா, துலூஸிலா? ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் விநோதினி இரண்டு பதிவுகளையும் சேர்த்து ஓடவிட்டாள். மாமனார் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டு குரல்களும் சேர்ந்தே வந்தன. ஆனால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மார்த்தா துளி பின்னால் வந்தாள். விநோதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. கடிகாரத்தில் தப்பே இல்லை, வேண்டுமானால் அந்தக் குரலை மட்டும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிடலாம் என்றாள்.

மாமனார் கையை எடுக்கவில்லை.

"வேணாம்மா. மார்த்தா சின்னதுலேர்ந்தே அக்கா வாயப் பாத்துட்டுதான் பாடுவா. ஒரு மூச்சு பின்னாடிதான் வருவா." ஸ்பீக்கரை மெல்லத் தடவிக்கொடுத்தபடி சொன்னார்: "இப்பவும் பாத்துட்டுதான் பாடியிருக்கா."

செலின் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டோம்.

கடிகாரங்கள் இரண்டும் அவ்வளவு சரியாக இருந்ததால்தான், அந்த ஒரு மூச்சு எங்களுக்குக் கேட்டது!