ஸ்டெல்லாவின் பேஷண்ட், என் ஸ்கோப்

முத்துராஜ் அண்ணாச்சிக்கு அன்று தண்ணீர்கூட இறங்கவில்லை. ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். தங்கை மல்லிகாவும் தம்பி கணேசனும் அவரைத் தூத்துக்குடியில் நான் எண்டோஸ்கோபி டாக்டராக இருந்த மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். வாய்வழியாக நான் இறக்கிய ஸ்கோப் குழாய் உணவுக்குழாயின் பாதியிலேயே நின்றுவிட்டது, கட்டி அடைத்திருந்தது. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது.

மறுநாள் வார்டுக்கு ஸ்டெல்லா வந்தாள். கல்லூரியில் என் பேட்ச். அங்கே அவள் முதல், நான் இரண்டாவது. இப்போது உணவுக்குழாய்ப் புற்றுநோயின் மரபணு ஆய்வுக்காக எங்களிடம் சேர்ந்திருந்தாள். அண்ணாச்சியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளாகத் தடித்திருந்தது.

"மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ச்சுப் போச்சு டாக்டரம்மா" என்றார் அவர்.

"உள்ளங்காலும் இப்படித்தானா?"

"ஆமா, சின்னப் பிள்ளையிலேயே. எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். அவருக்கும் கடைசியில சோறு எறங்கல."

அருகில் நின்ற மல்லிகா தன் கைகளை நீட்டினாள். அவள் தையல்காரி, மூட்டை தூக்கியதில்லை. அதே தடிப்பு.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் தோளைப் பிடித்தாள். "ஏளா கோமதி, இது பரம்பரையா வார தோல் தடிப்பு. ஒரு ஜீன்ல வார மாற்றம், தோலையும் தடிக்க வைக்கும், உணவுக்குழாய்ல கேன்சரையும் கொண்டு வரும். ரொம்ப அபூர்வம். வீட்டு ஆளுக எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும்."

எனக்கு வயிறு எரிந்தது. என் பேஷண்ட். என் ஸ்கோப். கண்டுபிடித்தது அவள்.

ரத்தம் சென்னைக்குப் போனது. கை தடிக்காத கணேசன் மட்டும் ரத்தம் கொடுப்பதைத் தள்ளிப்போட்டார். ரிசல்ட்டில் அண்ணாச்சிக்கும் மல்லிகாவுக்கும் அந்த மாற்றம் இருந்தது. மருத்துவமனைக் கூட்டத்தில் எல்லாரும் ஸ்டெல்லாவுக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மெதுவாக.

மல்லிகா ஸ்கோப்புக்கு இணங்கவில்லை. "எனக்கு நல்லாத்தான எறங்குது? எதுக்கு உள்ள குழாய விடணும்? ஸ்டெல்லா டாக்டர் பக்கத்துல நின்னா வாரேன்" என்றாள்.

அப்படியே நடந்தது. நான் ஸ்கோப்பை இறக்கினேன். ஸ்டெல்லா மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அயோடின் தெளித்தேன். நல்ல சதை பழுப்பாகும். கெட்ட சதை நிறம் ஏறாமல் நிற்கும். ஓர் இடம், நகத்தளவு, வெளிறியே நின்றது. ஆரம்ப நிலைக் கட்டி. மதுரையில் ஸ்கோப் வழியாகவே அதை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த மல்லிகா ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவ்வளவுதான். அந்த இடத்தைக் கண்டது என் கண் என்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

கீமோவும் ரேடியேஷனும் கொடுத்தும் அண்ணாச்சியைக் காப்பாற்ற முடியவில்லை. துக்கம் கேட்க ஏரலுக்கு ஸ்டெல்லாவோடு போய்த் திரும்பும்போது காரில் கேட்டுவிட்டேன். "அந்த ஜீன் ரிப்போர்ட்ட எப்படி வாசிக்கன்னு எனக்கும் சொல்லிக் குடு." அவளோ, "நீ இத எப்பவோ கேப்பேன்னு நெனச்சேன்ளா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாலையும் அவள் அறையில் போய் உட்கார்ந்து கற்றேன்.

கணேசனின் ரிசல்ட் தாமதமாக வந்தபோது ஸ்டெல்லா சென்னைக்கு மாற்றலாகியிருந்தாள். நானே வாசித்தேன். மாற்றம் இல்லை. "ஒங்க அண்ணனுக்கு இருந்தது ஒங்களுக்கு வரல. ஒங்க பிள்ளைகளுக்கும் ஒங்க வழியா போகாது" என்றேன். அவர் கண்கள் நிறைந்தன. தயங்கியபடி கேட்டார்:

"தப்பா நெனைக்காதீய டாக்டரம்மா. ஸ்டெல்லா டாக்டர்ட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடட்டா?"

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து வயிறு எரியத்தான் செய்யும், எரியட்டும். அவரிடமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லாவின் எண்ணை நானே அழுத்தி, போனைக் கணேசனிடம் நீட்டினேன்.