இரண்டு விரல் இடம்

"இறுக்கித் தச்சா என்னத்தான் ஏசுவீங்க. ரெண்டு விரலுக்கு இடம் உடணும்," என்றபடி அளவு நாடாவுக்கும் என் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல்களை நுழைக்கிறார் உசனார் காக்கா. ஏறாவூர்க் கடைத்தெருவில் அந்த விரல்கள் படாத கழுத்து குறைவு. அளவை உடனே எழுதமாட்டார். மூன்று பேரை அளந்த பிறகு, மூன்றையும் நினைவிலிருந்து எழுதுவார். இதுவரை மாறியதில்லை, என் சட்டை ஒன்றைத் தவிர.

வயது ஐம்பத்தெட்டு. உதடுகளுக்கிடையில் எப்போதும் ஒரு குண்டூசி. பேச வேண்டுமென்றால் அதைத் தன் காலரில் குத்திவிட்டுத்தான் பேசுவார். குடிப் பெருமையை எடுத்தாரென்றால் ஊசி வாய்க்குத் திரும்ப வெகு நேரமாகும். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழி. பிள்ளைகள் உம்மாவின் குடி. வாப்பா, கலியாணம் முடித்து உம்மாவின் வீட்டுக்கு வந்தவர்.

காக்காவின் வாப்பா அப்படி ஓட்டமாவடியிலிருந்து வந்தவர். நெல் வியாபாரி. வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டைகளெல்லாம் அலைந்துவிட்டு வந்து, அந்தியில் பிள்ளைகளை வாவிக்கரையில் இருத்தி, கச்சான் கடலை உடைத்துக் கொடுப்பாராம். அறுபது வயதில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. அதன் பிறகும் அதே கரைதான். செத்த கையை மடியில் போட்டுக்கொண்டு, இடக்கையாலேயே பிள்ளைகளுக்குக் கச்சான் உடைக்கப் பார்ப்பார். "அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள இரிக்கி," என்கிறார் காக்கா. வாப்பாவுக்கு மூத்த காக்காவும், தங்கச்சியும்கூட அப்படியே விழுந்தவர்கள்.

பிரசருக்காக மாதாமாதம் கிளினிக் போகிறவர் காக்கா. குடும்பத்தில் யாருக்காவது பாரிசவாதம் வந்ததா என்று கேட்கும்போதெல்லாம், "எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல," என்பார். மனிதர் பொய் சொல்லவில்லை. வாப்பா வேறு குடி. அவர் கணக்கில் வரமாட்டார்.

போன மாதம் ஊசியில் நூல் கோர்க்கும்போது வலக்கண்ணில் திரை விழுந்தது. இரண்டு நிமிடத்தில் தெளிந்தும்விட்டது. பேசாமல் தைத்து முடித்துவிட்டு, இரவு சாப்பாட்டில்தான் வாய் திறந்திருக்கிறார். மறுநாள் மகள் ரிப்கா இழுத்துக்கொண்டு போனாள். அதே கேள்வி, அதே பதில்.

"உங்கட வாப்பா விழல்லயா?" என்றாள் ரிப்கா.

"அவர் வேற குடி, மகள்."

டொக்டர் அமிர்தகழி ஊர்ப் பெண். சிரிக்கவில்லை. "எனக்கும் அம்மாட குடிதான் ஐயா. ஆனா ரத்தக்குழாய் குடி பாக்காது. உடம்புல பாதி வாப்பா தந்தது. கழுத்துக் குழாய் ஒடுங்கினா இப்பிடிக் கண்ணும் மறைக்கும், பாரிசவாதமும் வரும். அந்தத் தன்மை ரெண்டு பக்கத்தாலயும் வரலாம். அதோட உங்கட பிரசரும் சிகரட்டும் சேந்தா கேக்கவா வேணும்."

ஸ்கேனில் வலப்பக்கக் குழாய் பாதிக்கு மேல் ஒடுங்கியிருந்தது. சிகரட் அன்றோடு நின்றது. அடுத்த கிழமை அறுவைச் சிகிச்சை. கூடப் பிறந்தவர்களும் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"வீடு உம்மாட. குடியும் உம்மாட. வாப்பா எனக்கு ஒண்டும் தரல்ல எண்டுதான் இவ்வளவு காலமும் நெனச்சன்," என்றார் காக்கா. "பாதி அவர் தந்ததாமே." குரலில் இருந்தது பயமா, பெருமையா? எனக்கு இரண்டும் கேட்டது. என் வாப்பாவின் நினைவும் வந்து தொலைத்தது.

அப்போதுதான் அவருடைய தம்பி றிஸ்வி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பத்திரண்டு வயது, விரலில் சாவி சுழன்றது. சட்டை ஒன்று தைக்க வேண்டுமாம்.

"டொக்டர்ட்டப் போனயா?"

"அது வாப்பாட குடி ஆக்கள்ற வருத்தம், காக்கா. நமக்கென்ன?"

காக்கா நாடாவைத் தம்பியின் கழுத்தில் சுற்றி, இரண்டு விரல்களை நுழைத்தார். நாடா வழுகி நிலத்தில் விழுந்தது. விரல்கள் மட்டும் துடிப்பு இருந்த இடத்திலேயே நின்றன. மற்றக் கையால் தம்பியின் விரலிலிருந்து சாவியை மெல்லக் கழற்றி, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.