உதிர்ந்த பாண்டா இலைகள்

ஈஜிபுராவில் எங்கள் பால்கனியில் பாண்டா செடி வைத்திருக்கிறேன். பூனைக்காது போல ரோமம் படர்ந்த தடித்த இலைகள். ரோட்டுத் தூசி படிகிறதென்று தினமும் இலை நனையத் தண்ணீர் ஊற்றுவேன். திடீரென இலைகள் உதிர்ந்தன. வீட்டு வேலைக்கு வரும் செல்விதான் துடைப்பத்தால் இடித்துவிட்டாள் என்று அக்கம்பக்கம் கேட்கத் திட்டினேன்.

“நான் தொடவே இல்லக்கா. தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு” என்றாள். நான் நம்பவில்லை.

மூன்று வாரம் கழித்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு டப்பா மூடியைப் பார்த்தேன். அதில் காய்ந்த மணல்மேல் அதே இலைகள், ஒவ்வொன்றிலும் வேர்!

“குப்பையில போட மனசு வரலக்கா” என்றாள் செல்வி.

இப்போது மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுகிறேன். செல்வியிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் திட்டியதைப் போல பால்கனியில் நின்று அல்ல. சமையலறைக்குள், யாருக்கும் கேட்காமல்.