ஐந்தாவது கதவு

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய். இடம்: பெரும்பாக்கம், அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு. பொருள்: குடிநீர், பேருந்து வசதி குறித்த கருத்துக்கணிப்பு. கேட்டவர்: ஷம்சாத், வயது 39, ராஜகீழ்ப்பாக்கம்; ஒன்பது ஆண்டு அனுபவம். சந்தித்த வீடுகள்: 12.

படிக்கட்டிலிருந்து இடப்புறமாக எண்ணி, ஒவ்வோர் ஐந்தாவது கதவையும் தட்டுவது ஷம்சாத்தின் வேலை. பெயர், கதவு எண், கைபேசி எண், பதில்கள் அனைத்தும் கையிலுள்ள டேப்லெட்டில் பதிவாகும். தொடங்குமுன், "நீங்க சொல்றது ரகசியமா இருக்கும்" என்று தவறாமல் சொல்வார்.

வியாழனன்று மேற்பார்வையாளர் பிரிட்டோ, பன்னிரண்டில் மூன்று வீடுகளைத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்தார். இருவர் ஆமென்றனர். நான்காம் மாடியில் குடியிருக்கும் தனம், யாருமே வரவில்லை என்றுவிட்டார். ஒருவர் மறுத்தாலும் அன்றைய பதிவு முழுவதும் போலியெனக் கருதப்படும். கேட்டவருக்கு அடுத்த சுற்றில் வேலை கிடையாது.

"சனிக்கிழமைக்குள்ள அவங்களையே என்கிட்ட பேச வைங்கக்கா. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் பிரிட்டோ.

சனிக்கிழமை காலை ஷம்சாத் கதவுகளை இருமுறை எண்ணினார். எல்லாக் கட்டடங்களும் ஒன்றுபோல் இருந்ததால், தன் நினைவின் மீதே சந்தேகம் வந்தது. ஆனால் கதவைத் திறந்தவர் தனமேதான். நிலையில் தொங்கிய எலுமிச்சம்பழம்கூட அதேதான்.

"அக்கா, செவ்வாக்கிழமை வந்தேனே. மோர்கூட குடுத்தீங்களே."

"நானா? உன்ன இப்பத்தான் பாக்குறேன்."

"இருபது நிமிஷம் பேசினோம்க்கா!"

"தண்ணி எத்தினி மணிக்கு வருது, பஸ்ஸுக்கு எம்மா நேரம் நிக்குறன்னு எவளும் என்னைக் கேக்கல, போ!"

கேள்விகளின் வரிசைகூட மாறவில்லை. ஷம்சாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனம் நாக்கைக் கடித்துக்கொண்டு, அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"வூடு யேசுதாசன்னு ஒருத்தர் பேர்ல கீது. நான் வாடகைக்குக் கீறேன். இங்க வாடகைக்கு வுடக் கூடாதாம். போன்ல ஒரு ஆளு, 'அந்த வீட்ல நீங்கதான் இருக்கீங்களா'ன்னான். ஆபீஸ்காரன்னு பயந்துட்டேன்."

"அது எங்க ஆளுதான்க்கா. நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன். என் பேரு எங்க போவும்? அத மட்டும் சொல்லு."

ஷம்சாத் வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கினார், முடிக்க இயலவில்லை. ஒன்பது ஆண்டுகளில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவரும் எவரையும் கேட்டதில்லை. அங்கிருந்தபடியே பிரிட்டோவை அழைத்தார்.

"பேரு, கதவு நம்பர் எல்லாம் எங்க தம்பி போகுது?"

"மேல அனுப்புவேன்க்கா."

"மேலன்னா?"

"மேலன்னா... மேலதான். எனக்கே யாரும் சொன்னதில்ல."

"பதிவை நீக்கிட்டா?"

"எதுவும் மேல போகாது, அழிஞ்சிடும். ஏன் குழப்புறீங்க? அவங்க பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க."

"குடு, நான் பேசுறேன்" என்று தனம் கையை நீட்டினார். ஷம்சாத் கைபேசியைக் கொடுக்கவில்லை.

"வீடு பூட்டியிருக்கு தம்பி."

"யாரோ பேசுற சத்தம் கேக்குதேக்கா?"

"பக்கத்து வீடு."

ஆகஸ்ட் 18, திங்கள். பொருள்: 12ஆம் தேதிப் பதிவு நீக்கம். பெரும்பாக்கம். சந்தித்த வீடுகள்: 12. ஏற்கப்பட்டவை: 0.